பாக்கி கேட்கும் பாக்கியம்

பாக்கியம் என்பது அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அட்டைப்பெட்டி கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வேறொரு நல்ல பெயர் இருந்தது. வாடிக்கையாளர்களிடம் பாக்கி கேட்கும் வேலை தலையில் விழுந்த பிறகு, லாரியில் லோடு ஏற்றுபவர்களில் யாரோ ஒருவர் விளையாட்டாக அப்படிக் கூப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டுவதையே தொழிலாகச் செய்கிற இடம்தானே. கொஞ்ச நாளில் கூரியர் உறைகளே ‘பாக்கியம் மேடம்’ என்று வரத் தொடங்கின.

அந்த வேலை அவளுக்கு வந்தது ஒரு விபத்து. அதற்கு முன்னால் வசூலுக்கென்று ஒரு மீசைக்காரர் இருந்தார். அவர் போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கும். கத்திக் கத்தி நல்ல வாடிக்கையாளர்களையும் விரட்டிவிட்டு, கடைசியில் தானும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். முதலாளி பாக்கியத்தின் மேஜைக்கு வந்து நின்றார்.

“ஏம்மா, புது ஆள் வர்ற வரைக்கும் நாலு பேருக்கு போன் போட்டு ஞாபகப்படுத்துங்களேன். அது போதும்.”

அவளுக்குப் பணம் கேட்டுப் பழக்கமில்லை. பில் நம்பரைச் சொன்னாள், தொகையைச் சொன்னாள், “எப்ப வரும்?” என்று கேட்டாள். அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் சும்மா இருந்தாள். எதிர்முனையில் இருந்தவருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. அந்த வாரமே பணம் அனுப்பிவிட்டார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். புது ஆள் வரவே இல்லை. வரமாட்டார் என்பது அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது.

மாடிப்படிக்கு அடியில் அவளுடைய அறை. சுவருக்கு அந்தப் பக்கம், தாளை அலையலையாக மடித்து இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ஒட்டுகிற பெரிய மிஷின் ஓடும். அது ஓடும்போது மேஜைமேல் இருக்கும் டீ கிளாஸ் தானாக நகர்ந்து விளிம்புக்கு வரும். அவள் பேசிக்கொண்டே அதை இழுத்து நடுவில் வைப்பாள். நாள் முழுக்க இதேதான்: பேச வேண்டும், இழுத்து வைக்க வேண்டும்.

பணம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். இல்லை என்று சொன்னால்கூட ஒரு மரியாதை இருக்கும். பில்லில் ஆர்டர் நம்பர் விட்டுப்போச்சு என்பார்கள். நம்பர் போட்டு அனுப்பினால், சரக்கு வந்து சேர்ந்த சீட்டில் குடோன்காரர் கையெழுத்து இல்லை என்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால், “ஐயோ, நாங்க இப்பதான் கம்ப்யூட்டர் சிஸ்டத்த மாத்திக்கிட்டு இருக்கோம்” என்பார்கள். கம்ப்யூட்டர் மாறி, குடோன்காரர் மாறி, ஒரு இடத்தில் கட்டடமே மாறிவிட்டது. பணம் மட்டும் மாறி இந்தப் பக்கம் வரவில்லை.

அவளுடைய நம்பர் எல்லோருக்கும் தெரிந்துபோனதால் யாரும் எடுப்பதில்லை. வாட்ச்மேன் போனிலிருந்து கூப்பிடுவாள். கேன்டீன் போனிலிருந்து கூப்பிடுவாள். ஒருநாள் கணவரின் போனிலிருந்து ஒரு சோப்பு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டாள். கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். மறுநாள் முழுவதும் அந்தச் சோப்பு கம்பெனிக்காரர் கணவரின் நம்பரையும் எடுக்கவில்லை. அந்த ஆள் தன் கம்பெனி லிஃப்டில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் ஆபீஸைக் கூப்பிட, ரிப்பேருக்கு அனுப்பப்பட்டவர் கணவர்தான் என்பது பிறகு தெரிந்தது. எந்த மாடி என்று கேட்கக் கணவர் அழைத்தபோதெல்லாம், பாக்கி கேட்கிறார்கள் என்று பயந்து அந்த ஆள் போனை வெட்டியிருக்கிறார்.

“உள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறப்பக்கூட எடுக்கலயே அந்த ஆளு. உன்மேல எவ்வளவு பயம் பாரு” என்று கணவர் சிரித்தார்.

“பயம் இருந்தா பணம் வந்திருக்குமே” என்றாள் அவள். சிரிப்பு வரவில்லை.

இருப்பதிலேயே பெரிய பாக்கி குழாய் கம்பெனியினுடையது. குளியலறைக் குழாய்கள் செய்கிறவர்கள். பெட்டிகளை லாரி லாரியாக வாங்குவார்கள். அங்கே கணக்குப் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அந்த முதலாளியின் மகளைக் கட்டியவர். இஸ்திரி கலையாத சட்டை, எப்போதும் சிரித்த முகம். அவர் மட்டும் பாக்கியத்தின் போனை எடுக்கத் தவறியதே இல்லை.

“அக்கா, உங்களுக்கு இல்லாததா? வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்.”

எத்தனையோ வெள்ளிக்கிழமை போயிற்று. எடுக்காதவர்கள்மேல் கோபப்படலாம். இப்படி அக்கா, அக்கா என்று உருகுகிறவர்மேல் என்ன செய்வது? போனை வைத்த பிறகுதான் அவளுக்குத் திட்ட வாய் வரும். அப்போது திட்டுவதற்கு அறையில் டீ கிளாஸைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

இது வேலையின் ஒரு பாதி. இன்னொரு பாதியைப் பற்றி அவள் வீட்டில்கூடச் சொன்னதில்லை. வெளியிலிருந்து பணம் வராதபோது, கம்பெனியும் யாருக்கோ கொடுக்காமல்தானே இருக்கும். கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பதும் அவள் பொறுப்பாகவே ஆகிவிட்டது. அப்படி வருகிறவர்களில் ஒருவர் பசைக்காரம்மா. ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் மாவைக் காய்ச்சிப் பசை செய்து, டிரம்களில் அடைத்து, தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து இறக்குவார். பாக்கியத்தைவிடக் கொஞ்சம் மூத்தவர். முழங்கைவரை பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருக்கும். அவர் சத்தம் போடுவதில்லை. எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கொண்டுவந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டு, “என்ன சொல்றாரு உங்க சார்?” என்று மட்டும் கேட்பார்.

முதலாளி மாடியில்தான் இருப்பார். பாக்கியம் அவர் வெளியூர் போயிருப்பதாகச் சொல்வாள்.

ஒருநாள் பசைக்காரம்மா வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். அவருடைய கொதிகலனில் ஒன்று ஓட்டை விழுந்திருந்தது. மாற்றப் பணம் வேண்டும் என்றார். பாக்கியத்துக்குக் காலையிலிருந்து தலைவலி. எதையோ சொல்லி அனுப்பினால் போதும் என்றிருந்தது.

“அக்கா, உங்களுக்கு இல்லாததா? வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்” என்றாள்.

பசைக்காரம்மா பாட்டிலை மூடிக்கொண்டே அவளைப் பார்த்தார். “நீங்க இப்படிப் பேச மாட்டீங்களே. யாருகிட்ட இருந்து வந்துச்சு இது?”

பாக்கியத்துக்குக் காது சுட்டது. மாப்பிள்ளையின் வார்த்தை, ஒரு எழுத்து பிசகாமல், அவள் வாயிலிருந்து அவர் குரலிலேயே வந்திருந்தது. பசைக்காரம்மா போன பிறகு வெகுநேரம் அவள் எந்த நம்பரையும் அழுத்தவில்லை.

மறுநாள் காலையில் நேராகக் குழாய் கம்பெனிக்கே போய்விட்டாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். வரவேற்பறையில் சுவர் முழுக்க வெள்ளியும் தங்கமுமாகக் குழாய்களைப் பதித்து வைத்திருந்தார்கள். ஒன்றிலும் தண்ணீர் வராது. அவற்றுக்குக் கீழே போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதபடி உள்ளே இழுத்தது. மாப்பிள்ளை மீட்டிங்கில் இருப்பதாக வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். மதியம்வரை மீட்டிங். அதன் பிறகு சாப்பாடு. அந்தப் பெண்ணுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆகிற நேரத்தில் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மாப்பிள்ளை அவரே வெளியில் வந்து அழைத்துப்போனார். டீ வரவழைத்தார். ஏசியின் வேகத்தைக் குறைத்தார்.

“எதுக்கு அக்கா இவ்வளவு அலைச்சல்? ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“போன் பண்ணிப் பண்ணித்தான் நேர்ல வந்திருக்கேன், தம்பி. இன்னைக்கு வாங்காம போறதா இல்ல.”

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். “உங்க சார் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலயா? அவரும் எங்க மாமனாரும் தினமும் காலைல பார்க்குல ஒண்ணாதான் நடக்குறாங்க. மாமனாரே கேட்டிருக்காரு, ‘ரொம்ப நாள் ஆச்சே, அனுப்பச் சொல்லட்டுமா’ன்னு. உங்க சார்தான் ‘அதுக்கென்ன அவசரம், உங்க சௌகரியம்போல குடுங்க’ன்னாராம். அதனாலதான் நான் வேற பில்லுங்கள முன்னால போட்டுட்டேன்.”

பாக்கியம் டீயைக் கீழே வைத்தாள். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் வாட்ச்மேன் போனைக் கடன் வாங்கிக் கெஞ்சியதும், இன்று முழுவதும் இந்த வறண்ட குழாய்களுக்குக் கீழே காத்துக் கிடந்ததும், காலையில் ஒரு மனிதர் பெருமைக்காகச் சொன்ன ஒரு வார்த்தையில் வீணாய்ப் போயிருந்தன. கோபம்கூட உடனே வரவில்லை. யாரோ செருப்பை ஒளித்து வைத்துவிட்ட மாதிரி ஒரு அவமானம்தான் முதலில் வந்தது. கோபம் இரண்டாவது பஸ்ஸில் வந்தது. வந்த பிறகு இறங்கவில்லை.

மறுநாள் முதலாளி மாடி ஏறுவதற்கு முன்னால் படியிலேயே நிறுத்தினாள்.

“சார், குழாய் கம்பெனிக்காரங்ககிட்ட அவசரமில்லன்னு சொன்னீங்களா?”

அவர் முகம் மாறியது. கெட்ட மனிதர் அல்ல. தொழிலாளிக்கு உடம்பு சரியில்லை என்றால் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர். ஆனால் யாரிடமும் கை நீட்ட வராது. கைக்காசு போனாலும் கௌரவம் போகக் கூடாது அவருக்கு.

“அது… நடக்கும்போது கேட்டாரும்மா. அந்த இடத்துல ‘ஆமா, குடுங்க’ன்னா சொல்ல முடியும்? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“நீங்க ஒரு பேச்சுக்குச் சொன்னீங்க. நான் ஒரு வருஷமா பேசிட்டிருக்கேன்.”

“நீங்க கேக்குறது வேற, நான் கேக்குறது வேறம்மா. எனக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல.”

“அப்ப எனக்கு?”

படியில் யாரோ இறங்கி வர, அவர் அவளைத் தாண்டி மேலே போய்விட்டார்.

அன்று வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே பேசின. கல்லூரியில் படிக்கிற மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “விட்டுடு அந்த வேலைய” என்றார்.

“விட்டுட்டு? இவ ஃபீஸை யாரு கட்டுவா? உங்க லிஃப்டா?”

அவர் எழுந்து துணி மடிக்கப் போனார். அவரைப் போய் ஏன் கடித்தோம் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் கடிக்க வேண்டியவரைக் கடிக்க முடியாதபோது, பக்கத்தில் இருக்கிறவருக்குத்தானே விழும்.

இதற்கிடையில் பசைக்காரம்மா வருவதை நிறுத்திவிட்டார். பாக்கி கேட்கவும் வரவில்லை, பசை இறக்கவும் வரவில்லை. போன் செய்தபோது, “பழையது வந்தா புதுசு வரும்” என்று சொல்லி வைத்துவிட்டார். வேறு இரண்டு இடத்தில் கேட்டார்கள். அங்கும் இந்தக் கம்பெனியின் பெருமை ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. இருந்த டிரம்களைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டினார்கள். ஒரு முற்பகலில் பெரிய மிஷின் நின்றது.

அந்த நிசப்தம் பாக்கியத்துக்குப் புதிது. டீ கிளாஸ் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஆட்கள் மரப்பலகைகள்மேல் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மாப்பிள்ளையின் போன் வந்தது. ஒரு வருடத்தில் அவராகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

“அக்கா, பெட்டி இன்னும் வரலயே. கப்பல்ல ஏத்த வேண்டிய சரக்கு. குழாயெல்லாம் ரெடியா வெளில கிடக்கு. எப்ப வரும்?”

வெள்ளிக்கிழமை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அன்று பசைக்காரம்மா பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. பொய் சொல்லவும் இனித் தெம்பில்லை.

“பெட்டி வராது, தம்பி. மிஷின் நின்னு போச்சு. ஒட்டுறதுக்குப் பசை இல்ல. பசை வாங்கக் காசு இல்ல. காசு உங்ககிட்ட இருக்கு.”

அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

“உங்க சார் அவசரமில்லன்னாரே” என்றார் கடைசியில், முதல் தடவையாக அக்கா போடாமல்.

“அவருக்கு இல்ல. மிஷினுக்கு இருக்கு.”

சாப்பாட்டு நேரத்துக்குள் முதலாளி தடதடவென்று படியிறங்கி வந்தார். மாப்பிள்ளையின் மாமனார் அவருக்கு நேரடியாகப் போன் செய்திருக்கிறார்.

“பசை வாங்கக் காசில்லன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா? ஏம்மா, என் மானத்தையே வாங்கிட்டீங்களே. ‘உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்னு தெரியாது’ன்னு சொல்றாரு அந்த ஆளு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவரோட நடப்பேன்?”

“பணம் அனுப்புறேன்னு சொன்னாரா சார்?”

அவர் சற்றுத் தயங்கினார். “பாதி இப்ப வரும்னாரு.”

பாதி வந்தது. வந்த செய்தி அவள் கம்ப்யூட்டரில் தெரிந்ததும், பசைக்காரம்மாவுக்குச் சேர வேண்டியதை முழுவதும் பேங்கில் பதிந்தாள். முதலாளி ஒப்புதல் தந்தால்தான் போகும். ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். மாடி ஏறி அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

“ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க சார்.”

“யாருக்கு? அந்த அம்மாவுக்கா? மொத்தமாவா? பாதி போடுங்க. புது பிரின்டிங் மிஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கணும்.”

அவள் நகரவில்லை. வாயும் திறக்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பலகைமேல் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்தார். அப்புறம் போனைத் திருப்பி, யாரோ தன் பல்லைப் பிடுங்குவதுபோல ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

மறுநாள் பசை வந்தது. மிஷின் ஓடியது. பெட்டிகள் போயின. கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாய் கம்பெனியின் மீதிப் பாதி பிய்த்துப் பிய்த்துத்தான் வந்தது. பசைக்காரம்மா அதற்குப் பிறகு கையில் காசு வாங்காமல் டிரம்மை இறக்கவே இல்லை. “உங்களுக்குன்னா கடன் குடுப்பேங்க, உங்க கம்பெனிக்குக் குடுக்கமாட்டேன்” என்று பாக்கியத்திடம் முகத்துக்கு நேராகவே சொன்னார். முதலாளி காலை நடையை மாலைக்கு மாற்றிக்கொண்டார். பாக்கியத்திடம் பல நாள் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேஜைமேல் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சீட்டுகளில் ஒன்று, விளையாட்டுச் சாமான் கம்பெனியின் பழைய பாக்கியைப் பற்றியது. ‘நேரில் போய்ப் பார்க்கவும்’ என்று இருந்தது. பாக்கியம் அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

“போறேன் சார். நீங்களும் வரணும்.”

“நான் எதுக்கும்மா?”

“நான் கேட்டுட்டு வந்தப்புறம் நீங்க எங்கயாவது நடக்கப் போய் அவசரமில்லன்னு சொல்லிடுவீங்க. வந்து பக்கத்துல உக்காருங்க. இல்லன்னா நான் பில் போடுற வேலைக்கே போயிடுறேன். வேற ஆளப் பாத்துக்குங்க.”

அவர் எதிர்பார்க்கவில்லை. அவளும்தான். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரத்திலேயே ஒருநாள் இருவரும் அவருடைய காரில் போனார்கள்.

விளையாட்டுச் சாமான் கம்பெனியின் வரவேற்பறையில் சோபா இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிகள்தான். முதலாளி விளிம்பில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். போகிறவர் வருகிறவர் யாராவது தன்னைத் தெரிந்தவர்களா என்று பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

“இப்படித்தான் உக்காருவீங்களா தினமும்?” என்று மெல்லக் கேட்டார்.

“இன்னைக்கு சீக்கிரம் கூப்பிடுவாங்க. நீங்க வந்திருக்கீங்கல்ல.”

கூப்பிட நெடுநேரம் ஆயிற்று. அதற்குள் அவர் இரண்டு தடவை “போயிட்டு இன்னொரு நாள் வரலாமே” என்றார். அவள் இரண்டு தடவையும் காதில் வாங்கவில்லை. கடைசியில் உள்ளே போனபோது, அந்தக் கம்பெனிக்காரர் எழுந்து கை குலுக்கினார். “அடடே, நீங்களே வந்துட்டீங்களா? என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல” என்றார் முதலாளி, முகம் நிறையச் சிரிப்போடு. “சும்மா, இந்தப் பக்கமா வந்தோம்.”

அவரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் பிடித்துப் பாக்கியத்துக்கு வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. இரண்டு கைகளாலும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சும்மா வரல சார்” என்றாள். “பாக்கிக்காகத்தான் வந்திருக்கோம். இவரு கேக்கமாட்டாரு, அதனால நான் கேக்குறேன். நீங்க பெட்டி வாங்கி, அதுல பொம்மைய வெச்சு, வித்து, அந்தப் பொம்மைய வாங்கின குழந்தைங்க இந்நேரம் அத உடைச்சுக்கூடப் போட்டிருக்கும். எங்க காசு இன்னும் வரல.”

முதலாளி தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனிக்காரர் முதலாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு இழுப்பறையைத் திறந்து செக் புத்தகத்தை எடுத்தார். பாக்கி முழுவதற்கும் அல்ல. தேதியும் அடுத்த மாதத் தேதி. ஆனால் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது முதலாளி தொண்டையைச் செருமினார்.

“நீங்க கொஞ்சம் மெதுவா கேட்டிருக்கலாம்மா. பொம்மைய உடைச்சதெல்லாம் சொல்லியிருக்க வேண்டாம்.”

பாக்கியம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது.

“செக் எங்க?” என்று கேட்டார்.

“என்கிட்டதான் இருக்கு” என்றாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.